நத்தையும் எலியும் நம் சமையலறையும்

ஆனி பிறந்து வங்கத்தில் மழை பிடித்துக்கொண்டால், லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம் வீடுகளுக்கு ஒரு விருந்தாளி தவறாமல் வந்து சேர்கிறது. மாடிப்படியின் ஓரத்திலும், குழாயடிச் சுவரிலும், பூந்தொட்டியின் அடியிலும் அதைக் காணலாம். பழுப்பு வரிகள் ஓடிய, நீண்டு கூம்பிய ஓடு. அதைச் சுமந்து மெல்ல ஊரும் சதைப்பற்றான உடல். சென்ற வழியெல்லாம் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போன்ற ஈரத் தடம். தொட்டியில் ஆசையாக வளர்த்த பசலைக் கொடியோ பப்பாளிக் கன்றோ ஓர் இரவில் மொட்டையாகி நிற்கும்போதுதான் வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிறார். பெரியவர்கள் ஒரு பிடி உப்பை அதன்மீது தூவுகிறார்கள். குழந்தைகளோ அதைக் கையில் எடுத்து, ஊர விட்டுப் பந்தயம் கட்டி மகிழ்கிறார்கள்.

இந்த அற்பப் பிராணியைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வினவலாம். அதனுள் குடியிருக்கக்கூடிய ஒரு நுண்புழு மனிதனுடைய மூளையை எட்டவல்லது என்பதும், மாமிசத்தைத் தொடாத குடும்பங்களுக்கும் அதனால் தீங்கு நேரலாம் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்திகள். அறிந்துகொண்டால் தடுப்பது எளிது. ஆதலால் எழுதத் துணிந்தேன்.

சௌரங்கியில் தொடங்கிய கதை

நாம் காணும் பெருநத்தை இந்நாட்டுப் பிராணியன்று. அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து மடகாஸ்கருக்கும், பின்பு மொரீஷியஸ் தீவுக்கும் அது சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஹென்றி பென்சன் என்னும் ஆங்கிலேயர், நத்தை ஓடுகளைச் சேகரித்து ஆராய்வதில் பெரும் பித்துக் கொண்டவர். அவர் மொரீஷியஸிலிருந்து உயிருடன் கொண்டுவந்த நத்தைகள், 1847-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சௌரங்கியிலிருந்த ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்திய மண்ணில் ஆப்பிரிக்கப் பெருநத்தையின் வரலாறு இவ்வாறு தொடங்கியது. காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய இடம் அது. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த தென்னாட்டவராகிய நமக்கும் முன்னதாகவே இங்கே குடியேறிவிட்ட அந்நியர் என்று இதனைச் சொல்லலாம்.

விட்டவை சிலவே. ஆயினும் அதன் வமிசம் பெருகும் விதம் வியக்கத்தக்கது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருப்பதால், எந்த இரண்டு சந்தித்தாலும் சந்ததி உண்டாகும். ஒரு தடவையில் நூறு, இருநூறு முட்டைகளை ஈரமண்ணில் புதைத்து வைக்கும். சவ்வரிசியைப் போன்ற அம்முட்டைகளை மண்ணோடு சேர்ந்து வரும்போது யாரும் கவனிப்பதில்லை. கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். மழைத்துளி விழுந்ததும் எழுந்து ஊரும். ஐந்நூறுக்கு மேற்பட்ட வகைத் தாவரங்களை உண்ணும் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருப்பதால், சுவரில் அடித்த சுண்ணாம்பையும் சுரண்டித் தின்னும்.

1900-ஆம் ஆண்டில் அது இலங்கையை அடைந்தது. 1936-இல் ஹவாய்த் தீவுகளில் கால்வைத்தது. 1966-இல் ஹவாயிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகருக்கு விளையாட்டாகக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு ஆண்டுகளில் அந்த மூன்றும் பதினெண்ணாயிரத்துக்கு மேலாகப் பெருகியதைக் கண்டு அரசாங்கம் திகைத்தது; அவற்றை ஒழித்து முடிக்க 1975 வரை ஆயிற்று. உலகில் மிகக் கொடிய அந்நியப் பிராணிகளும் தாவரங்களும் நூறு என்று வகுக்கப்பட்ட பட்டியலில் இந்நத்தையும் இடம் பெற்றிருக்கிறது.

இதற்கு ஓடில்லாத உறவினரும் உண்டு. தட்டையான கரும்பழுப்பு உடலும், முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடும் கொண்ட ஓடற்ற நத்தை அவற்றுள் ஒன்று. லேவிக்காலிஸ் ஆல்டி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து பரவியதே. பெருநத்தையாவது கண்ணுக்குப் படும். ஓடற்ற நத்தையின் குஞ்சோ கீரைக் கட்டின் நடுவே ஓர் இலைக்காம்பைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு ஆபத்து பெரியதைக் காட்டிலும் இச்சிறியதனிடம் மிகுதி.

புழுவின் யாத்திரை

இனி, நத்தைக்குள் இருக்கும் புழுவைப் பற்றிப் பார்ப்போம். 1935-இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளின் நுரையீரலை ஆராய்ந்த சென் என்னும் விஞ்ஞானி, அங்கே நூலிழை போன்ற ஒரு புழுவைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். எலி நுரையீரல் புழு என்று அதனை அழைப்பர். ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் காண்டோனென்சிஸ் என்பது அதன் நீண்ட பெயர். நம் குழந்தைகளின் வயிற்றில் காணும் நாக்குப்பூச்சியைப் போல இதுவும் உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தது. பெண்புழு சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்மையான கருப்பைக் குழல்கள் முறுக்கிக்கொண்டிருப்பதால், சிவப்பும் வெள்ளையும் திரித்த கயிற்றைப் போல் அது தோன்றும்.

அது வாழும் முறையை 1955-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மாக்கெராஸ், ஸாண்டர்ஸ் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் தெளிவுபடுத்தினார்கள். வளர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனியில் வாழ்ந்து முட்டையிடுகிறது. பொரித்த இளம்புழுக்கள் மூச்சுக்குழல் வழியே ஏறி, எலியால் விழுங்கப்பட்டு, அதன் எச்சத்தோடு வெளியேறுகின்றன. அந்த எச்சத்தை நத்தை மேய்கிறது. நத்தையின் சதைக்குள் இரண்டொரு வார காலம் தங்கி, இருமுறை தோலுரித்து, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள மூன்றாம் பருவப் புழுவாக அது முதிர்கிறது. பிறகு வேறோர் எலி அந்த நத்தையைத் தின்கிறது. புழு எலியின் குடலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, மூளையை அடைகிறது. அங்கே சில வாரங்கள் வளர்ந்தபின் மீண்டும் நுரையீரலுக்குத் திரும்பி முட்டையிடுகிறது. எலியும் நத்தையும் அருகருகே வாழும் இடமெல்லாம் இச்சக்கரம் ஓயாமல் சுழலக்கூடும்.

இதில் நாம் நினைவில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. எலியின் எச்சத்திலுள்ள இளம்புழு நேரே மனிதனைத் தொற்றாது. நத்தைக்குள் முதிர்ந்த புழுவே தொற்றவல்லது. எலிக்கும் மனிதனுக்கும் இடையே நத்தை ஒரு பாலமாக நிற்கிறது. அப்பாலத்தை அறுத்துவிட்டால் வியாதி நம்மை அணுகாது.

மனித உடலில் நிகழ்வது

மனிதன் தவறுதலாக அம்முதிர்ந்த புழுவை விழுங்கினால், எலியின் உடலென்றே எண்ணி அது மூளைக்குச் செல்கிறது. ஆனால் மனித உடலில் அதற்கு நல்வாழ்வு கிட்டுவதில்லை. பெரும்பாலும் மூளையிலேயே மடிகிறது. மடியும் புழுக்களை எதிர்த்து உடல் நடத்தும் போரினால் மூளையை மூடிய சவ்வுகள் வீங்குகின்றன. இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணு அப்போரில் திரளாகக் கூடுவதால், இயோசினோபில் மூளைச் சவ்வு வீக்கம் என்று வைத்தியர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். பொறுக்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல் ஆகியவை முக்கியமானவை. ஆடை பட்டாலும் வலிக்கிறது என்று சிலர் துடிப்பார்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் தூக்கக் கலக்கமும் மிகுதியாக இருக்கும். பலர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். ஒரு சிலர் நிரந்தரமாக ஊனமுறுகிறார்கள்; சிலர் உயிரையும் இழக்கிறார்கள்.

மனிதனிடம் இவ்வியாதி முதன்முதலில் காணப்பட்டது தைவான் தீவில். 15 வயதுச் சிறுவன் ஒருவனுடைய தண்டுவட நீரில் இப்புழுக்கள் இருந்ததை நொமூரா, லின் என்னும் இரு வைத்தியர்கள் 1945-இல் எழுதி வெளியிட்டார்கள். 2008 வரை உலகில் பதிவான நோயாளிகள் 2,827 பேர் என்று ஒரு கணக்கு கூறுகிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாய்லாந்தினர். 2006-இல் பீக்கிங் நகரில் சரியாக வேகாத நத்தைக் கறியை உண்டு 160 பேர் நோயுற்றார்கள். 2010-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஓர் இளைஞன் நண்பர்களிடையே நடந்த வேடிக்கைப் பேச்சில் ஓடற்ற நத்தையொன்றை விழுங்கினான். ஓராண்டுக்கு மேல் நினைவிழந்து கிடந்து, எழுந்தபின்னும் கைகால் வழங்காமல் வாழ்ந்து, 2018-இல் இறந்துபோனான். பந்தயம் கட்டி விளையாடும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நலம்.

சைவ உணவு காப்பாற்றுமா?

இச்செய்திகளை அண்டை வீட்டு மாமி ஒருவரிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "நாம் என்ன நத்தையைத் தின்கிற ஜனங்களா, அப்பா? நமக்கு எங்கிருந்து வரப்போகிறது?" என்றார். நம் குடும்பங்களில் பெரும்பாலோர் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அதற்கு விடை ஜமெய்க்கா தீவிலிருந்து கிடைக்கிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து 23 பேர் ஜமெய்க்காவுக்கு உல்லாசப் பயணம் சென்று திரும்பினார்கள். அவர்களில் 12 பேருக்கு இவ்வியாதி கண்டது. என்ன உண்டார்கள் என்று வைத்தியர்கள் துருவி விசாரித்தபோது, அனைவரையும் ஒன்றுசேர்த்துக் காட்டியது பச்சை இலைகளால் செய்த ஒரு கலவை உணவு. அவர்கள் நத்தையைத் தேடி உண்ணவில்லை. இலையோடு சேர்ந்து வந்த ஏதோ ஒரு நத்தையின் துணுக்கு போதுமானதாயிற்று. ஹவாய்த் தீவிலும் இப்படியே. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அங்கே புதிதாய் நுழைந்த, முதுகில் சிறு ஓட்டுத்துண்டு மட்டும் உள்ள பார்மேரியான் என்னும் நத்தை, வீடுகளுக்குள்ளும் ஏறி வரும் பழக்கமுடையது. அவற்றைப் பிடித்துச் சோதித்ததில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் புழு இருந்தது.

நம் சமையலறையை இப்போது எண்ணிப் பாருங்கள். குழம்பிலும் மசியலிலும் வேகும் கீரையால் பயமில்லை. கொதி எல்லாப் புழுவையும் கொன்றுவிடும். ஆனால் கோசுமல்லியிலும் தயிர்ப் பச்சடியிலும் நாம் பச்சையாகவே தூவும் கொத்துமல்லி இருக்கிறது. பச்சையாய் அரைக்கும் புதினாத் துவையல் இருக்கிறது. வங்காளிகள் தான்குனி என்று சொல்லும் வல்லாரை, வடிகால் ஓரத்து ஈரத்தில் படர்வது. ஞாபக சக்திக்கு நல்லதென்று குழந்தைகளுக்குப் பச்சையாக மெல்லக் கொடுக்கிறோம். அம்மியில் அரைத்தாலும் மிக்ஸியில் அரைத்தாலும், அரைப்பது வேகவைப்பதற்கு ஈடாகாது. நத்தையைச் சமைத்துண்ணும் வங்காளி, தன் குக்லியை நன்றாக வேகவைத்தே உண்கிறான். இந்த ஒரு விஷயத்தில், பச்சிலையைச் சரியாகக் கழுவாத சைவனைவிட அவனே பத்திரமாக இருக்கிறான்!

நம் நாட்டில் நிலை என்ன?

பம்பாயில் 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் நகரத்து எலிகளைப் பிடித்துச் சோதித்து, அவற்றின் நுரையீரலில் இப்புழு இருப்பதைக் கண்டார்கள். அதே நகரத்தின் ஓடற்ற நத்தையான லேவிக்காலிஸிலும் புழு இருப்பது வெளியாயிற்று. துறைமுக நகரமாகிய பம்பாயில் நடந்தது, துறைமுக நகரமாகிய கொல்கத்தாவில் நடவாது என்று நாம் சும்மா இருப்பதற்கு நியாயமில்லை. நத்தை இங்கே 1847 முதல் இருக்கிறது. எலியோ சொல்ல வேண்டியதில்லை.

கேரளத்திலும் இவ்வகை மூளைச் சவ்வு வீக்கத்தால் பலர் துன்புற்றிருக்கிறார்கள். அங்கிருந்து 2006-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, நோயாளிகளுள் சிலர் உடும்பின் இறைச்சியைப் பச்சையாக உண்டவர்கள் என்று தெரிவிக்கிறது. உடும்பு நத்தைகளைத் தின்பது. நத்தையிலிருந்த புழு உடும்பின் சதையில் தங்கி, உண்பவனைச் சேர்கிறது. பலம் வருமென்றும் மூச்சிரைப்பு நீங்குமென்றும் உடும்பின் இரத்தத்தைக் குடிக்கும் மூட வழக்கம் நம் ஊர்ப்புறங்களிலும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைக் கொல்வது குற்றம். சட்டத்துக்கு அஞ்சாதவரும் இப்புழுவுக்கு அஞ்சி அதை விட்டொழிக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டனார், மாமன்மாரிடம் இதை எடுத்துரைப்பது நம் கடமை.

செய்ய வேண்டியவை

கீரையையும் கொத்துமல்லியையும் வாங்கி வந்ததும் கட்டை அவிழ்த்து, வேரையும் அழுகிய இலையையும் நீக்கி, ஓடும் குழாய் நீரில் ஒவ்வொரு கொத்தாக, இலையின் இருபுறமும் விரல் படத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கட்டாகவே தண்ணீரில் முக்கி எடுப்பது போதாது. உப்பு நீரிலோ புளிக்காடியிலோ ஊறவைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பியிருக்கலாகாது. மழை மாதங்களில் கொத்துமல்லியையும் புதினாவையும் வதக்கி அரைப்பதும், வல்லாரையை வேகவைத்துக் கொடுப்பதும் மேலானவை.

நத்தையை வெறுங்கையால் தொடலாகாது. இடுக்கியாலோ, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டியோ எடுக்க வேண்டும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே வாயருகில் கை போகலாம். தவழும் குழந்தை கண்ணில் பட்டதை வாயில் போடும் பருவத்தினது. அதன் கைக்கு எட்டும் இடத்தில் நத்தையை இருக்க விடாதீர்கள். காலால் நசுக்குவதும், வடிகாலில் எறிவதும் தவறு. மாலையில் ஓர் ஈரச் சாக்கின் கீழ்க் காய்கறித் தோலைப் பரப்பி வைத்தால் இரவில் அவை அங்கே கூடும். காலையில் வாரி, கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதைத்துவிடலாம். செடியின்மேல் உப்பைத் தூவினால் நத்தையோடு செடியும் சாகும். கடையில் விற்கும் நத்தை விஷ உருண்டைகள் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் ஆபத்தானவை, வீட்டில் வேண்டாம்.

பழைய வீடுகளில் சௌபாச்சா என்று வழங்கும் தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்க வேண்டும். நத்தை விழுந்து செத்த நீரில் புழு வெளிப்படலாம்.

இரயில்வேயில் எழுத்துவேலை பார்ப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஊரிலிருந்து வரும்போது கறிவேப்பிலைக் கன்றையும் மல்லிகைப் பதியனையும் ஈரச் சாக்கில் சுற்றி மெயில் வண்டியில் கொண்டுவருகிறோம். இங்கிருந்தும் அவ்வாறே கொண்டுபோகிறோம். மண்ணுக்குள் இருக்கும் நத்தை முட்டைக்கு டிக்கெட்டும் வேண்டாம், ரிசர்வேஷனும் வேண்டாம். ஆகவே செடியைக் கொண்டுசெல்வோர் பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, புதுமண்ணில் நடுவது நல்லது. 1847-இல் ஒருவர் செய்ததை நாமும் செய்யாதிருப்போம்.

மேற்சொன்ன தலைவலியும் கழுத்து விறைப்பும் யாருக்கேனும் கண்டால் காலதாமதமின்றி வைத்தியரிடம் செல்லுங்கள். பச்சிலை உண்டதையோ, குழந்தை நத்தையோடு விளையாடியதையோ மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவரைச் சரியான பரிசோதனைக்கு வழிநடத்தும். தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பது அவசியமாகலாம். ஊசி என்றதும் அஞ்சி மறுக்காதீர்கள். நீரை எடுப்பதாலேயே தலைவலி தணிவதும் உண்டு. தாமாகவே பூச்சி மருந்து வாங்கிக் கொடுப்பது தகாது. புழுக்கள் ஒருசேர மடிந்தால் மூளையின் வீக்கம் அதிகரிக்கக்கூடும். இவ்வியாதி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டாது. ஆதலால் நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டார் மட்டும் நத்தையைப் பிடித்துப் பயனில்லை. அடுத்த வீட்டுக் கொல்லையில் குப்பை மக்கினால் எலி அங்கே பெருகும். நத்தை இங்கே ஊர்ந்து வரும். ஒரே கட்டடத்தில் வாழும் தமிழரும் வங்காளியரும் ஒன்றுகூடி, வாரத்தில் ஒரு நாள் கொல்லையையும் மாடிப்படியையும் துப்புரவு செய்து, எலி வளைகளை அடைத்து, குப்பையை மூடி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி நம் தாய்மார்களின் கையில், குழாயடியில், கொத்துமல்லிக் கட்டை அவிழ்க்கும் அந்த இரண்டு நிமிடங்களில் இருக்கிறது.